பூண்டு கரைந்த தண்ணீரும் ரோகு தின்ற தீவனமும்

அக்டோபர் கடைசியில், குட்டைக்குள் பெட்டிபோலக் கட்டியிருந்த மூன்று ஹாப்பா வலைகளையும் தூக்கி மீனை நிறுத்தபோது கணக்கு இப்படி வந்தது. வெறும் தவிடும் பிண்ணாக்கும் தின்ற ரோகு சராசரியாக 96 கிராம். அதே தீவனத்தின்மேல் பூண்டும் மஞ்சளும் பூசிக் கொடுத்த ரோகு 101 கிராம். தவிட்டைப் புளிக்கவைத்துக் குச்சித் தீவனம் செய்து, அதற்கும் பூண்டு, மஞ்சள் பூசிக் கொடுத்த ரோகு 118 கிராம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூன்று வலைகளிலும் 32 கிராம் சராசரியில் தலா முப்பது குஞ்சுகள் விட்டிருந்தேன். நம்பிக்கை முழுவதையும் பூண்டின்மேல் வைத்துத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். எடை ஏறியதென்னவோ புளித்த தவிட்டால்.

இடம் ஒரத்தநாடு பக்கம். கல்லணைக் கால்வாய்ப் பாசனம், கூடவே ஓர் ஆழ்துளைக் கிணறு. குட்டை 15 சென்ட், சராசரி ஆழம் நான்கு அடி. ஹெக்டேருக்குப் பத்தாயிரம் குஞ்சு என்ற வழக்கமான கணக்கில் 600 விரலிகள், அதாவது விரல் நீளக் குஞ்சுகள்: கட்லா, ரோகு, மிர்கால். அரசு மீன்விதைப் பண்ணையில் வாங்கி, ஜூன் கடைசியில் விட்டேன்.

இயற்கைச் சேர்மானத்தின் பக்கம் போனதற்குக் காரணம் முந்தைய ஆண்டு மழைக்காலம். நவம்பரில் மீன்களின் வயிற்றிலும் துடுப்பின் அடியிலும் சிவப்புத் திட்டுகள் வந்து செதில்கள் கொட்டின. மருந்து கேட்டுப் போன கடையில் பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு மஞ்சள் தூளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, தீவனத்தில் கலந்து போடச் சொன்னார்கள். என்ன மருந்து என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகை மருந்துகளுக்கு நம் நாட்டு மீன்வளர்ப்பில் தடை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆண்டிபயாட்டிக் சேர்ப்பதை 2006 ஜனவரியிலிருந்தே நிறுத்திவிட்டது. நானும் என் பிள்ளைகளும் தின்னப்போகிற மீனுக்குப் பெயர் தெரியாத தூளைப் போட மனம் வரவில்லை. பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

பூண்டைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆதாரம் இருந்தது. புவனேசுவரத்தை அடுத்த கௌசல்யாகங்காவில் இருக்கும் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ரோகுவுக்கு ஒரு கிலோ தீவனத்தில் 1, 5, 10 கிராம் என்று மூன்று அளவுகளில் பூண்டு கொடுத்துப் பார்த்து 2007 இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். சிவப்புத் திட்டு நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும் ஏரோமோனாஸ் கிருமியைச் செலுத்தியபோதும், பூண்டு தின்ற மீன்கள் கூடுதலாகப் பிழைத்தன. நான் கிலோவுக்கு 10 கிராமை எடுத்துக்கொண்டேன்.

ஜூலை முழுவதும் தடுமாற்றம்தான். முதலில் கருவி. வீட்டு முறுக்கு உழக்கில் மாவைப் பிழிந்து வெயிலில் காயவைத்தேன். இரண்டு கிலோ பிழிவதற்குள் மணிக்கட்டு விட்டுப்போயிற்று. மாவில் கருவாட்டுத் தூளும் இருந்ததால் அந்த உழக்கை வீட்டில் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அடுத்து, இறைச்சி அரைக்கும் கை இயந்திரம், மேசை விளிம்பில் திருகி மாட்டும் வகை, 2,200 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளிருக்கும் கத்தியைக் கழற்றிவிட்டுத் துளைத்தட்டை மட்டும் மாட்டினால் மாவு நூல்நூலாக இறங்கும். கூட வந்த தட்டில் துளை 5 மி.மீ. முப்பது கிராம் ரோகுவுக்கு அது பெரிது. வாயில் எடுத்துத் துப்பிவிடுகிறது. லேத் பட்டறையில் 3 மி.மீ. துளையோடு ஒரு தட்டுக் கடைந்து வாங்க 450 ரூபாய் ஆயிற்று. இந்தத் தட்டு வந்த பிறகுதான் வேலை வேலையாக நடந்தது.

பத்துக் கிலோ தீவனத்துக்கு என் கலவை: கடலைப் பிண்ணாக்கு 4.5 கிலோ, அரிசித் தவிடு 4 கிலோ, மரவள்ளி மாவு 1 கிலோ, கருவாட்டுத் தூள் 400 கிராம், தாது உப்புக் கலவை 100 கிராம். பிண்ணாக்கை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, அந்தக் கூழில் மற்றவற்றைப் பிசைய வேண்டும். கூழ்தான் பசை. மாவைப் பச்சையாகப் போட்டுப் பிசைந்த தீவனம் தண்ணீரில் விழுந்த சில நிமிடங்களிலேயே கரைந்து கலங்கியது.

பூண்டை எங்கே சேர்ப்பது என்பதில்தான் முதல் மாதம் வீணானது. அரைத்த பூண்டைக் கூழ் கொதிக்கும்போதே அதில் போட்டுவிட்டேன். வீடு முழுக்க ரசம் கொதிக்கிற வாசனை. ஆனால் காய்ந்த குச்சியை முகர்ந்தால் பூண்டு இருந்த தடயமே இல்லை. பூண்டின் காரமான பொருள் பல்லுக்குள் ஆயத்தமாக இருப்பதில்லை. நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்துதான் உண்டாகிறது. சூடு அந்த நொதியைக் கொன்றுவிடும், உண்டான காரத்தையும் ஓட்டிவிடும். ஆகவே நசுக்கிப் பத்து நிமிடம் சும்மா வைக்க வேண்டும், அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. கூழ் ஆறிய பிறகு மாவில் பிசைந்து பார்த்தேன். வாசனை தங்கியது. குச்சியை நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவைத்ததும் அதுவும் போயிற்று.

கடைசியில் காய்ந்த குச்சியின்மேல் பூசுவதுதான் வழி என்று புரிந்தது. வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணையில் வேலை பார்க்கும் மச்சானுக்கு இது அன்றாடப் பழக்கம். அங்கே தீவனத்தின்மேல் மருந்தையோ நுண்ணுயிர்க் கலவையையோ தெளித்துப் புரட்டி, நிழலில் உலர்த்திப் போடுகிறார்கள். “பசைக்குக் கடையில் ஜெல் விற்கிறது. உங்களுக்கு எதற்கு மச்சான் அது, முட்டை வெள்ளைக்கரு போதும்” என்றார்.

வெள்ளைக்கரு போதுமா என்பதைச் சோதிக்க மஞ்சள் உதவியது. மஞ்சளை நோய்க்காகத்தான் வாங்கி வைத்திருந்தேன். அதைவிட அதன் நிறம் எனக்குப் பயன்பட்டது. பூண்டு தண்ணீரில் கரைந்து போவதைக் கண்ணால் பார்க்க முடியாது, மஞ்சள் பிரிந்து போவதைப் பார்க்க முடியும். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்து, பூசிய குச்சிகள் பத்தைப் போட்டு, எப்போது தண்ணீர் மஞ்சளாகிறது என்று கவனித்தேன். பூண்டுச் சாற்றில் மஞ்சள்தூளைக் கரைத்து வெறுமனே தெளித்த குச்சியிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் மஞ்சள் புகைபோல இறங்கிவிட்டது. ஜூலையில் நான் வாங்கிய பூண்டில் பெரும்பகுதி குட்டைத் தண்ணீருக்கே போயிருக்கிறது என்பது அந்தத் தம்ளரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. வெள்ளைக்கரு மட்டும் சேர்த்தபோது ஐந்தாறு நிமிடம் தாங்கியது. சாறு, மஞ்சள், வெள்ளைக்கரு மூன்றையும் பூசி அரை மணி நேரம் நிழலில் விட்டு, அதன்மேல் எண்ணெய் புரட்டியபோது கால் மணி நேரம் வரை தண்ணீர் தெளிவாகவே இருந்தது. என் மீன்கள் தட்டைக் காலிசெய்ய எடுக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அளவுகள்: பத்துக் கிலோவுக்குப் பூண்டு 100 கிராம், தோலோடு மிக்சியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்துத் துணியில் பிழிந்தது, சக்கை அடுத்த மாவுக்கு. மஞ்சள்தூள் 20 கிராம். ஐந்து முட்டையின் வெள்ளைக்கரு. மேலே புரட்டக் கடலை எண்ணெய் 100 மில்லி. தெளிப்பதற்கு முடிதிருத்தும் கடைகளில் வைத்திருக்கும் தண்ணீர்ப் பீச்சி வாங்கினேன், 60 ரூபாய். சாற்றை இரண்டாவது முறை வடிகட்டாவிட்டால் அது அடைத்துக்கொள்ளும். பெரிய அலுமினியத் தேக்சாவில் குச்சிகளைக் கொட்டி, ஒரு கை பீச்ச, மறு கை புரட்ட வேண்டும். மூன்று நாளுக்கு ஆகிற தீவனத்தை மட்டும் பூசினேன். அதற்குமேல் வைத்தால் முட்டை வாடை மாறத் தொடங்குகிறது.

நடுவில் முருங்கைக்கீரை ஒன்று வந்து போயிற்று. எங்கள் பக்கம் முருங்கைக்குப் பஞ்சமில்லை, காய்ந்த கீரையில் புரதமும் அதிகம். பிண்ணாக்குச் செலவைக் குறைக்கலாம் என்று, கலவையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு கீரைத்தூள் சேர்த்தேன். தட்டில் பாதித் தீவனம் அப்படியே மிஞ்சியது. காம்பை ஒழுங்காக நீக்காததும் காரணமாக இருக்கலாம், கசப்பும் காரணமாக இருக்கலாம். அதை நூற்றுக்கு ஐந்து பங்காகக் குறைத்தபோது தின்றன. அந்த அளவில் செலவில் மிச்சம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை, கீரை உருவிக் காயவைக்கும் வேலைதான் கூடியது. விட்டுவிட்டேன். பக்கத்து வயல் பெரியப்பா, “வேப்பிலையை வெட்டிக் குட்டையில் போடு தம்பி, ஒரு நோயும் வராது” என்றார். அதை மட்டும் கேட்கவில்லை. வேம்பின் சாறு அளவு மீறினால் மீனுக்கே நஞ்சு, தழை அழுகினால் தண்ணீரில் பிராணவாயு குறையும். பெரியப்பாவுக்கு வருத்தம்தான்.

புளிக்கவைப்பதற்கு வருகிறேன். இதை ஒரு மாட்டுப் பண்ணையில் பார்த்துவிட்டு, செலவு குறைவு என்பதற்காகத்தான் சேர்த்துக்கொண்டேன். தவிடு 4 கிலோ, வெல்லம் 100 கிராம், ஒரு சிறு கிண்ணம் புளித்த தயிர், பேக்கரிக் கடையில் வாங்கிய ஈஸ்ட் 10 கிராம். வெல்லத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட்டையும் தயிரையும் கலந்து, தவிட்டில் தெளித்துப் பிசைந்து, மூடி இறுகிய பிளாஸ்டிக் டிரம்மில் அமுக்கி, இரண்டு நாள் நிழலில் வைப்பது. முதல் டிரம்மில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. மூடியைத் திறந்தபோது அடித்த நாற்றத்தில் அதை அப்படியே வாழை மரத்தடியில் கொட்டினேன். பிறகு ஒரு சோதனை வைத்துக்கொண்டேன்: தவிட்டைக் கைப்பிடியில் இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. நாலு கிலோ தவிட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும், தவிடு எந்த ஆலையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும். சரியாகப் புளித்த தவிடு தோசை மாவும் வெல்லமும் கலந்ததுபோல மணக்கும், தொட்டால் சூடாக இருக்கும். கறுப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிவது போதாது, முழுவதும் போக வேண்டும்.

புளித்த தவிட்டில் செய்த குச்சி இன்னொரு வகையிலும் நன்றாக வந்தது. மாவு குழைவாகி இயந்திரத்தில் சிக்காமல் இறங்கியது. காய்ந்த பின் உதிரவும் இல்லை.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகுதான் ஹாப்பா. 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் நைலான் வலையைத் தைத்து, நாலு மூலையிலும் மூங்கில் நட்டு, அடியில் கல் கட்டித் தொங்கவிட்டது. தையல் கூலியோடு ஒன்றுக்கு 900 ரூபாய். மேலே பறவைக்குத் தனி வலை. மூன்றும் ஒரே குட்டையில், ஒரே தண்ணீரில். முதலாவதில் சாதாரணக் குச்சி, ஆனால் அதற்கும் வெள்ளைக்கருவும் எண்ணெயும் மட்டும் பூசினேன். இல்லாவிட்டால் முட்டையின் பலனைப் பூண்டின் பெயரில் எழுதியிருப்பேன். இரண்டாவதில் சாதாரணக் குச்சியின்மேல் பூண்டு, மஞ்சள் பூச்சு. மூன்றாவதில் புளித்த தவிட்டுக் குச்சியின்மேல் அதே பூச்சு.

தீவனம் தொடக்கத்தில் மொத்த உடல் எடையில் நூற்றுக்கு நாலு, செப்டம்பரிலிருந்து மூன்று. காலை ஒன்பது மணிக்கு, வெயில் ஏறித் தண்ணீரில் பிராணவாயு கூடிய பிறகு ஒரு பங்கு. மாலை நான்கு மணிக்கு ஒரு பங்கு. அகலமான பிளாஸ்டிக் தட்டைக் கயிற்றில் கட்டி இரண்டடி ஆழத்தில் இறக்கி, ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கி, மிஞ்சியதைப் பார்த்து அடுத்த வேளையைக் குறைத்தோ கூட்டியோ போட்டேன். வெளியே குட்டையில் இருந்த மீன்களுக்குச் சாக்கில் துளை போட்டுத் தொங்கவிடும் வழக்கமான முறையே நடந்தது. கட்லா எப்படியும் குச்சியைப் பெரிதாக மதிப்பதில்லை. அதற்குத் தண்ணீரின் பச்சைதான் சாப்பாடு. முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை மங்கித் தெரிய வேண்டும் என்ற அளவில் சாணக் கரைசல் ஊற்றி அந்தப் பச்சையைக் காத்துவந்தேன்.

ஹாப்பாவில் பெரிய தொல்லை பாசி. வலைக்கண்கள் பத்து நாளில் அடைபடும். உள்ளே தண்ணீர் தேங்கும். தென்னை நார்ப் பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை தேய்த்தேன். செப்டம்பர் நடுவில் மூன்று வலைகளின் இடத்தையும் மாற்றினேன். மூன்றாவது வலை காற்று அடிக்கும் பக்கம் இருந்தது. அங்கே நீர் ஓயாமல் அலைவதால் அதற்குத் தனி ஆதாயம் கிடைத்திருக்குமோ என்ற சந்தேகம். மாற்றிய பிறகும் அதன் மீன்களே முன்னே இருந்தன. அந்த நாளிலிருந்துதான் நானே என் எண்களை நம்பத் தொடங்கினேன். இருந்தாலும் வகைக்கு ஒரு வலை என்பது பண்ணைக்காரன் திருப்திக்குப் போதும், ஆய்வு என்று சொல்லிக்கொள்ளப் போதாது.

நிறுக்கும் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீனைத் தனித்தனியாகத் தராசில் வைத்தால் துள்ளி விழுந்து செதில் போகிறது. வாளியில் பாதித் தண்ணீர் ஊற்றி எலக்ட்ரானிக் தராசில் வைத்து, சுழியாக்கி, பத்து மீனைச் சேர்த்துப் போட்டு நிறுத்து, பத்தால் வகுத்துக்கொண்டேன். கைவலையில் தண்ணீர் நன்றாக வடிய வேண்டும்; வடியாவிட்டால் ஒரு மீனுக்கு ஐந்து கிராம் பொய்யாகக் கூடிவிடும். இரண்டாவது வலைக்கும் முதல் வலைக்கும் இடையிலிருந்த வித்தியாசமே அவ்வளவுதான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் காசு. அடிப்படைக் கலவை எங்கள் ஊர் விலையில் கிலோ 41 ரூபாய் ஆயிற்று. பிண்ணாக்குக் கிலோ 50, தவிடு 24 என்ற கணக்கு. புளிக்கவைக்கும் செலவு கிலோவுக்கு ஒன்றரை ரூபாயைக் கொஞ்சம் தாண்டியது. பூச்சு 8 ரூபாய். அதில் பாதிக்கு மேல் முட்டையும் எண்ணெயும், பூண்டு கிலோ 280 விற்ற நேரத்தில் 2 ரூபாய் 80 காசு. முதல் வலையின் மீன்கள் 4.5 கிலோ தீவனம் தின்று 1.73 கிலோ கூடின. அதில் இரண்டு மீன் குறைந்துபோயிருந்தன. இரண்டாவது வலை 4.7 கிலோ தின்று 2.07 கிலோ. மூன்றாவது வலை 4.9 கிலோ தின்று 2.58 கிலோ. ஒரு கிலோ மீன் ஏற ஆன தீவனச் செலவு முதல் வலையில் 120 ரூபாய், இரண்டாவதில் 111, மூன்றாவதில் 96.

இதைப் பார்த்துப் பூண்டுக்கு ஒன்பது ரூபாய் ஆதாயம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. முதல் வலைத் தீவனத்துக்கு நான் பூசிய முட்டையும் எண்ணெயும் ஒப்பீட்டுக்காகத்தான். நிஜத்தில் யாரும் வெறும் தீவனத்துக்கு அப்படிப் பூச மாட்டார்கள். அந்தச் செலவைக் கழித்தால் முதல் வலைக்கு 107 ரூபாய்தான். அப்படியானால் வளர்ச்சிக்காக மட்டும் பூண்டு பூசுவது நாலு ரூபாய் நட்டம். மூன்றாவது வலை அதையும் மீறி லாபத்தில் நிற்கிறது என்றால் அது ஒன்றரை ரூபாய்ப் புளிப்பின் வேலை. கண்காட்சிகளில் இயற்கை வளர்ச்சி ஊக்கி என்று பாட்டிலில் விற்பவர்கள் இந்தக் கழித்தலைச் செய்து காட்டுவதில்லை.

நோய் விஷயத்தில் பூண்டு தன் பக்கத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டது. வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் தொடர்ந்து மூடிய வானம், காலைத் தண்ணீர் 24 டிகிரி. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குழாயிலிருந்து உயரமாகத் தெளித்துவிட்டேன். ஹெக்டேருக்கு 200 கிலோ கணக்கில் 12 கிலோ சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினேன். நவம்பர் இரண்டாம் வாரம் பழைய சிவப்புத் திட்டுகள் தெரிந்தன. முதல் வலையில் இருந்த 28 மீனில் 9, இரண்டாவதில் 30 இல் 4, மூன்றாவதில் 30 இல் 3. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். இரண்டுக்கும் பொது பூண்டும் மஞ்சளும். இரண்டில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என் ஏற்பாட்டில் வழியில்லை.

மீன் பேன் விஷயத்தில் எந்தப் பூச்சும் ஒன்றும் செய்யவில்லை. மூன்று வலைகளிலும், வெளியிலும், ஒரே மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டையாக, கண்ணாடித் துண்டுபோல, செவுள் மூடியின் ஓரத்திலும் துடுப்பின் அடியிலும். மீன்கள் மூங்கிலில் உடம்பை உரசிக்கொண்டே இருந்தன. பேன் முட்டையிடக் கெட்டியான பரப்புத் தேவை. பழைய பலகைகளையும் மூங்கில் பிளாச்சுகளையும் குட்டையின் ஓரங்களில் செங்குத்தாகச் செருகி, நாலைந்து நாளுக்கு ஒருமுறை எடுத்து, மழை விட்ட நேரத்தில் வெயிலில் காயப்போட்டுத் திரும்பச் செருகினேன். பலகையில் வரிவரியாக ஒட்டியிருந்த முட்டைகள் காய்ந்து உதிர்ந்தன. வலையில் பிடிபட்ட மீன்களை லிட்டருக்கு 30 கிராம் கல்லுப்புக் கரைத்த தண்ணீரில் சில நிமிடம் விட்டு, புரளத் தொடங்கும் முன் எடுத்துவிட்டேன். டிசம்பரில் பேன் குறைந்தது. இந்த வேலைக்கு ஆன செலவு உப்பு விலைதான்.

நவம்பர் மூன்றாம் வாரம் வெளிக்குட்டையில் இரண்டு மிர்கால் ஆழமான புண்ணோடு கிடைத்தன. அதற்குமேல் சோதனைக்காகக் காத்திருக்க முடியாது. மீன்களின் புண்நோய்க்காக அதே கௌசல்யாகங்கா நிறுவனம் உருவாக்கிய சிபாக்ஸ் மருந்தை வாங்கினேன். அளவு, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேருக்கு ஒரு லிட்டர். என் குட்டைக்கு 72 மில்லி. வாளித் தண்ணீரில் கலந்து பரவலாகத் தெளித்தேன். குட்டை முழுவதும் மருந்து போனதால் அன்றோடு ஹாப்பாக் கணக்கை மூடி, மீன்களை வெளியே விட்டுவிட்டேன்.

மழைக்காலத்தில் தீவனம் காய்வது தனிப் பாடு. வெயில் இல்லாமல் மொட்டை மாடியில் பரப்பிய ஒரு தேக்சாக் குச்சி இரண்டாம் நாளே உள்ளே பூஞ்சை பிடித்தது. கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை என்றால் அஃப்ளடாக்சின் பயம். ஈரலைக் கெடுக்கும் நஞ்சு அது, நோய் எதிர்ப்புக்காகப் பூண்டு பூசிய தீவனத்தில் அதைக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. மழை நாட்களில் குச்சி செய்வதையே நிறுத்தினேன். புளித்த தவிட்டையும் ஊறிய பிண்ணாக்கையும் கூழில் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்து, பூண்டுச் சாற்றில் புரட்டி, மேலே எண்ணெய் தடவி அன்றன்றே தட்டில் வைத்தேன். தம்ளர்ச் சோதனையில் உருண்டை குச்சியைவிட நன்றாகவே தாங்கியது. சின்ன மீன் உருண்டையைக் கொத்தித் தின்னும்போது பாதி உதிர்கிறது. ஆனால் தட்டின் விளிம்பு உயரமாக இருந்தால் உதிர்ந்தது தட்டிலேயே நிற்கிறது.

அடுத்த ஆண்டுக்கு நாலாவது வலை ஒன்று தைக்கக் கொடுத்திருக்கிறேன்: புளித்த தவிட்டுக் குச்சி, பூச்சு எதுவும் இல்லாமல். என் ஊகம் சரியென்றால் ஒரு கிலோ மீன் 85 ரூபாய்க்குள் ஏற வேண்டும். பூண்டும் மஞ்சளும் இனி ஆண்டு முழுவதும் கிடையாது. செப்டம்பர் கடைசியில், மழைக்கு முன்பே தொடங்கி, பொங்கல் வரை மட்டும். மஞ்சளை ஒரு வலையிலாவது நீக்கிப் பார்க்க வேண்டும். எண்ணெயைப் பாதியாக்கினால் பூச்சு நிற்குமா என்பதைத் தம்ளரிலேயே பார்த்துவிடலாம். பூச்சுச் செலவில் பெரிய பங்கு அங்கேதான் இருக்கிறது. பேன் பலகைகள் ஆகஸ்டிலேயே குட்டைக்குள் போய்விடும். இப்போது அவை மாட்டுக்கொட்டகை ஓரத்தில் அடுக்கிக் கிடக்கின்றன, யாரும் விறகுக்கு எடுத்துவிடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.